நாளைக் காலை பிராஜெக்ட்: வாங்குவதா, நாமே செய்வதா, பிள்ளையைச் செய்யவிடுவதா?

இரவு எட்டு மணிக்குப் பள்ளி டைரியைப் புரட்டும்போதுதான் நாளைக் காலை ஒரு பிராஜெக்ட் கொண்டுபோக வேண்டும் என்று தெரியவருகிறது. காலை ஏழே காலுக்கு வேன் வரும். பதினோரு மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. ஆறரைக்கு எழுப்ப வேண்டுமானால் ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். சாப்பாட்டு நேரம் போக மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான். ஒரு நாள்தானே என்று பத்தரை வரை நீட்டினாலும் இரண்டு மணி நேரம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளையின் பங்கு இந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

சென்னையில் அந்த நேரத்தில் ஒரு பெற்றோர் எடுக்கக்கூடிய முடிவுகள் பல. ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கிவிடலாம், அல்லது செய்து கொடுப்பவரிடம் சொல்லலாம். ஜெராக்ஸ் கடைக்கு ஓடிப் படங்களை அச்செடுத்துச் சார்ட்டில் ஒட்டலாம். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நாமே விடிய விடியச் செய்யலாம். கேட்டதைச் சிறிதாக்கி, வீட்டில் இருப்பதை வைத்துப் பிள்ளையையே செய்ய வைக்கலாம். ஒரு நாள் அவகாசம் கேட்டு எழுதலாம். என் கட்சி எது என்பதை மறைக்கப்போவதில்லை: சிறிதாக்கிப் பிள்ளையைச் செய்ய வைப்பதுதான். ஆனாலும் எல்லா வீட்டுக்கும் எல்லா இரவுக்கும் அது பொருந்தாது. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். இதைப் பற்றி மிஸ் கேட்டால் பிள்ளை பதில் சொல்லுமா? இது நசுங்காமல் வேனில் போய்ச் சேருமா?

தேர்ந்தெடுக்கும் முன் டைரியில் உள்ள வரியை இன்னொரு முறை படியுங்கள். அதில் "மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு செயல்பாடு" என்று மட்டும் இருக்கும். அதற்குள் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் விளக்கு எரியும் மாதிரி வீட்டின் படத்தைப் போட்டிருப்பார். அடுத்த பத்து நிமிடத்தில் பள்ளி கேட்டதே அந்த விளக்கு வீட்டைத்தான் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிவிடுவார்கள். குழுவை மூடிவிட்டு, "மிஸ் என்ன சொன்னார்கள்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளை சொல்வது நாம் பயந்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

மதிப்பெண்ணைப் பற்றியும் அளவோடு கவலைப்படலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2012–13இல் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவரப்பட்ட முப்பருவ முறையில், பருவம் முழுக்க நடக்கும் செயல்பாடுகளைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதும் ஒரே செயல்பாட்டுக்கு உரியதல்ல, பலவற்றுக்குப் பங்கிடப்படுவது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பிலேயே சமூக அறிவியல் பிராஜெக்டுக்கு நூற்றில் 5 மதிப்பெண்தான், அதிலும் வாய்மொழிக் கேள்விக்குப் பங்கு உண்டு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. அந்த வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோர் நள்ளிரவில் அட்டை வெட்டிக்கொண்டிருப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இனி வாங்குவது. பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவில் கிடைக்காத காகிதமும் அட்டையும் இல்லை. சிறு மோட்டார், எல்இடி விளக்கு, பேட்டரி எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நமக்கு விஷயம் தெரியவருவதோ பெரும்பாலும் ஞாயிறு இரவு. பக்கத்துத் தெரு ஃபேன்சி ஸ்டோரில் கிடைப்பதுதான் அன்றைக்குக் கிடைப்பது. காசு கொடுத்தால் முழு மாதிரியையும் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் இரண்டு மணி நேரம் முழுதாக மிச்சமாகும், பார்க்கவும் அழகாக இருக்கும். என் முதல் கேள்வியில் இது அங்கேயே தோற்றுவிடுகிறது. காற்றாலை சுற்றுவதைக் காட்டிவிட்டு, அதில் பேட்டரி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளையின் முகத்தை எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யாது.

வாங்குவது தப்பே இல்லாத இடங்களும் உண்டு. மாறுவேடப் போட்டிக்கு உடை வாடகைக்கு எடுப்பதில் என்ன குறை? அங்கே பிள்ளை செய்ய வேண்டியது பேசுவதும் நடிப்பதும்தான். அதேபோல உதிரிப் பாகங்களை வாங்குவதும் முழுப்பொருளை வாங்குவதும் ஒன்றல்ல. ஒரு எல்இடியும் பேட்டரியும் வாங்கி, எல்இடியின் எந்தக் கம்பி பேட்டரியின் எந்த முனையைத் தொட்டால் எரிகிறது என்று பிள்ளையே கண்டுபிடித்தால் அது பிள்ளையின் வேலைதான்.

அச்செடுத்து ஒட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. ஒரு சார்ட் அட்டை பத்து பதினைந்து ரூபாய், நாலைந்து வண்ணப் படங்கள், மேலே மினுமினுக்கும் எழுத்து. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் வேனிலும் போகும். இரண்டாம் கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண். சிக்கல் உள்ளடக்கத்தில்தான். கடையில் கிடைக்கும் படத்தாள்கள் சில பல ஆண்டுகள் பழையவை. தமிழ்நாட்டு வரைபடத்தில் 32 மாவட்டங்கள் மட்டுமே இருந்தால் அது 2019க்கு முந்தையது, இன்று 38. தாம்பரத்தில் குடியிருக்கும் பிள்ளை தன் வீடு இருக்கும் செங்கல்பட்டு மாவட்டமே இல்லாத படத்தைக் கொண்டுபோய் மாட்ட நேரும். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் இருந்தால் அந்தத் தாள் 2006க்கு முந்தைய கணக்கில் நிற்கிறது. புளூட்டோ அந்த ஆண்டே குறுங்கோள் ஆகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கி அப்படியே ஒட்டுவதிலும் இதே ஆபத்துதான், கூடவே நான்காம் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறும் சொற்களும் வந்து சேரும்.

இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும் என்றால் ஒரே ஒரு திருத்தம் செய்யுங்கள். படங்கள் அச்சில் இருக்கட்டும், கீழே எழுதுவது பிள்ளையின் கையெழுத்தாக, பிள்ளையின் வாக்கியமாக இருக்கட்டும். நான்கு படம், நான்கு வாக்கியம் போதும். பழைய படத்தாளில் விடுபட்ட மாவட்டங்களைப் பிள்ளையே பென்சிலால் பிரித்து எழுதினால் அது ஒட்டுவேலை என்ற நிலையிலிருந்து உண்மையான பிராஜெக்டாகவே மாறிவிடும்.

பெற்றோர் இரவெல்லாம் உட்கார்ந்து செய்வதைப் பற்றிக் கடுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதில் இருப்பது அன்பு. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளை நாளைக்கு வகுப்பில் தலைகுனியக் கூடாது என்று கண்விழிப்பவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? காலையில் கண்விழித்துப் பார்த்தால் மேசைமேல் ஒரு முடிந்த பொருள். கடையில் வாங்கியதற்கும் இதற்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு இல்லை. வகுப்பில் இன்னொரு பிள்ளை இருக்கும். அதன் அம்மா இரவு ஒன்பதுக்குத்தான் வேலை முடிந்து வருவார், அப்பா இரவு வண்டி ஓட்டுவார். அந்தப் பிள்ளை தானே செய்த சிறிய அட்டையை, பெற்றோர் செய்த மாளிகைகளைப் பார்த்ததும் பைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். நம் பிள்ளைக்காக நாம் செய்வது பக்கத்துப் பிள்ளையின் வேலையை அவமானமாக்கிவிடக் கூடாது.

நடைமுறைத் தொல்லைகளும் இதில்தான் அதிகம். ஃபெவிகால் காகிதத்தில் சீக்கிரம் பிடித்துவிடும்; தடித்த அட்டைகளை நிற்க வைத்து ஒட்டினால் நன்றாக இறுகப் பல மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு ரப்பர் பசை போன்ற வாசனை வீசும் பசையைத் தெர்மகோலில் தடவினால் அந்தக் கரைப்பான் தெர்மகோலையே அரித்துவிடும். ஸ்பிரே பெயிண்டும் அப்படித்தான். இரவு பதினொரு மணிக்குத் தெர்மகோல் குழிவிழுந்து போனால் மாற்று வாங்கக் கடை இருக்காது. தவிர, சென்னை வேனில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் பைகளும் அடைந்திருக்கும் இடத்தில் இரண்டடி உயர மாதிரி எப்படிப் போகும்? பிறகு அப்பா அலுவலகத்துக்குத் தாமதமாகி, பைக்கில் பின்னால் அம்மா அதைத் தாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

சிறிதாக்குவது என்றால் ஏனோதானோ என்று செய்வதல்ல. தலைப்பை ஒரே ஒரு கேள்வி அளவுக்குக் குறைப்பது. "தாவரங்கள்" என்பது பெரிய தலைப்பு. "நம் வீட்டைச் சுற்றியுள்ள இலைகளில் நரம்பு எப்படி ஓடுகிறது" என்பது ஒரு மணி நேர வேலை. இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்துக் காய வைக்க நாட்கள் ஆகும், அது இன்றிரவு நடக்காது. இலையைக் குப்புற வைத்து, மேலே மெல்லிய வெள்ளைத் தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்புகள் அப்படியே தாளில் எழும்பி வரும். காய வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை. விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்காதே என்று பாட்டி தடுத்தால் அவர் பேச்சையும் காப்பாற்றலாம்: குளிர்பதனப் பெட்டியில் கறிவேப்பிலை இருக்கும், பூஜைக்கு வாங்கிய வெற்றிலை இருக்கும், சாப்பாட்டு வாழையிலையில் ஒரு துண்டு கிடைக்கும். வாழையில் நரம்புகள் இணையாக ஓடுகின்றன, கறிவேப்பிலையில் வலைபோலப் பின்னுகின்றன. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு ஒருவித்திலை, இருவித்திலை என்ற பாடம் வரும்போது மனப்பாடம் தேவைப்படாது. இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு இது போதும்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் என்றால் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கலாம். மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, பட்டை பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். சோப்புத் தண்ணீரோ ஆப்பசோடாக் கரைசலோ பட்டால் அந்த மஞ்சள் தாள் சிவக்கும். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், தயிர் பட்டால் மாறாது. சிவந்த தாளில் எலுமிச்சையை விட்டால் மீண்டும் மஞ்சளாகும். பிள்ளை துள்ளுவது இந்த இடத்தில்தான். மாடியில் செம்பருத்தி பூத்திருந்தால் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து இன்னொரு சோதனை செய்யலாம்: எலுமிச்சைக்கு அது பளிச்சென்ற இளஞ்சிவப்பு, ஆப்பசோடாவுக்குப் பச்சை. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்ததும் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்ற கேள்விக்கு விடை இதுதான் என்று பாட்டியிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். சுண்ணாம்பைத் தொடும் வேலை மட்டும் பெரியவர்களுடையது, கண்ணில் பட்டால் ஆபத்து. வெந்நீரும் நாம்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த பட்டைகளை நோட்டில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் எது பட்டது, என்ன நிறமானது என்று எழுதினால் முடிந்தது. நோட்டு பைக்குள் போய்விடும்.

சமூக அறிவியலில் தண்ணீர் என்று தலைப்பு வந்தால் சென்னைப் பிள்ளைகளுக்கு நமக்குக் குடிநீர் தரும் ஏரிகளைவிட நல்ல பொருள் இல்லை. பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. பின்னால் சேர்ந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை 500. ஒரு சென்டிமீட்டருக்கு 300 மில்லியன் கன அடி என்று வைத்துக்கொண்டால் பூண்டி கிட்டத்தட்ட 10.8 சென்டிமீட்டர் உயரத் தூண், சோழவரம் 3.6, புழல் 11, செம்பரம்பாக்கம் 12க்குச் சற்று மேல், கண்ணன்கோட்டை ஒன்றரைக்குக் கொஞ்சம் கூட. ஒரே ஏ4 தாளில் ஐந்தும் அடங்கிவிடும். இன்றைய இருப்பு எவ்வளவு என்பதைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் நாள்தோறும் போடுகிறது. அதைப் பார்த்து ஒவ்வொரு தூணிலும் அந்த உயரம் வரை நீலம் தீட்டினால் படம் பேசத் தொடங்கிவிடும். ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறக்குறைய 2.83 கோடி லிட்டர் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், கணக்கும் சேர்ந்துகொள்ளும். பிறகு, இவற்றில் முதல் நான்கு ஏரிகளும் வறண்டுபோன 2019 கோடையில் நம் வீட்டில் தண்ணீருக்கு என்ன செய்தோம் என்று தாத்தாவிடமோ பக்கத்து வீட்டு அத்தையிடமோ கேட்டு, அவர்கள் சொன்னதை இரண்டு வரியில் எழுத வேண்டும். அந்த இரண்டு வரியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த பிராஜெக்ட் இது. அளவுகோல், பென்சில், நீல நிறம் ஆகிய மூன்றும் எல்லா வீட்டிலும் இருக்கும்.

ஓரிரவில் முடியாதவற்றை அன்றைக்குத் தொடாதீர்கள். விதை முளைப்பதற்கும் உப்புப் படிகம் வளர்வதற்கும் நாட்கள் வேண்டும். சூரியக் கடிகாரத்துக்கு வெயில் வேண்டும். எரிமலைக்கு மண்ணைக் குழைத்து மலை கட்டினால் காலைக்குள் காயாது. ஒரு டம்ளரைச் சுற்றிக் காகிதக் கூம்பு செய்து, உள்ளே ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினாலே கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பொங்கும்.

இந்த வழியில் நம் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேடும் சூடும் நம்முடையவை. பென்சிலும் வாக்கியமும் பிள்ளையுடையவை. எழுத்துப் பிழையைப் பென்சிலில் இருக்கும்போதே காட்டித் திருத்தச் சொல்லலாம். கோடு கோணலாக இருந்தால் விட்டுவிடலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நாட்களில் ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஒரு தூறலில் கரைந்து வழியும். கிரேயானுக்கு அந்தப் பயம் இல்லை. படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாம் மிஸ்ஸாக மாறி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பிள்ளை தடுமாறும் இடத்தில் விடையைச் சொல்லித் தருவதைவிட, அந்தத் தாளையே திரும்பப் பார்க்கச் சொல்வது நல்லது.

இதிலும் குறை உண்டு. பெரிய மாதிரிகளுக்கு நடுவில் ஒற்றைத் தாள் எளிமையாகத்தான் தெரியும். ஒரு மதிப்பெண் குறையலாம், பிள்ளை வாடிய முகத்தோடு வரவும் செய்யலாம். அந்த மாலையில், "மிஸ் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்?" என்று விசாரியுங்கள். எத்தனை மதிப்பெண் என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். மாதிரிதான் வேண்டும் என்று பள்ளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தால், உதிரிப் பாகங்களைப் பத்து நிமிட டெலிவரி செயலியில் வரவழைத்து, ஷூ பெட்டிக்குள் அடங்கும் அளவில் செய்யுங்கள். மூடி போட்டுப் பையோடு கொண்டுபோகலாம்.

அவகாசம் கேட்பதைத் தோல்வியாக நினைப்பவர்கள் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மறுநாள் தேர்வு, ஊரிலிருந்து திரும்பிக் கிளாம்பாக்கத்தில் இறங்கும்போதே இரவு பத்து மணி: இப்படிப்பட்ட இரவுகளில் மற்ற எல்லா வழிகளையும்விட இதுதான் சிறந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல், வாரக்கணக்கில் செய்ய வேண்டிய பிராஜெக்ட் ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தால் அதற்கும் இதுவே நேர்மையான வழி. ஆனால் வெறுங்கையோடு கேட்காமல், தொடங்கிவிட்டோம் என்று காட்டிக் கேட்க வேண்டும். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, வணக்கம். பிராஜெக்ட் பற்றி எங்களுக்கு நேற்று இரவுதான் தெரிந்தது. மகள் ஐந்து ஏரிகளின் கொள்ளளவைக் குறித்து வைத்திருக்கிறாள். அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். படம் வரைந்து புதன்கிழமை கொண்டுவருவாள். அன்புகூர்ந்து அனுமதிக்கவும்."

உடம்பு சரியில்லை என்ற பொய் அதில் வேண்டாம். அதைப் பிள்ளையும் படிக்கும். கடிதத்தை டைரியின் அன்றைய பக்கத்தில் செருகி, வகுப்பு தொடங்கும் முன்பே மிஸ்ஸிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள். பிராஜெக்ட் எங்கே என்று கேட்ட பிறகு எடுத்து நீட்டினால் உண்மைகூடச் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.